பூதிகோட்டையும் மேய்ச்சல் நிலமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று காரியதரிசியார் என்னைக் கேட்டுக்கொண்டார். யான் சரித்திரப் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. எனினும் நம் காலனியிலிருந்து ஒரு பொழுதில் போய்த் திரும்பக்கூடிய பூதிகோட்டையைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வந்திருக்கிறேன். அவ்வூரில் தொடங்கும் ஒரு வரலாறு நம் வீட்டுப் பசு மேயும் புல்வெளி வரை வந்து நிற்கிறது. அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதிகோட்டை

பங்காருப்பேட்டை வட்டத்தில், சிறு குன்றும் இடிந்த மதிலுமாக நிற்பது பூதிகோட்டை. 'பூதி' என்றால் கன்னடத்தில் சாம்பல், திருநீற்றையும் குறிக்கும். அவ்வூரின் பக்கமாக ஓடும் மார்க்கண்டேய நதி, கர்நாடக எல்லையைக் கடந்து வேப்பனப்பள்ளி வழியே தமிழ்நாட்டிற்குள் சென்று தென்பெண்ணையோடு கலக்கிறது. ஆற்றுக்கு மாநில எல்லை தெரியாது. அதன் கரையில் நடக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படியே.

இவ்வூரில்தான் 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதர் அலி பிறந்தார். அவர் தந்தை பத்தே முகமது, சீரா நவாபின் கீழ்க் கோலாரில் படைத்தலைவராயிருந்து, பூதிகோட்டையை ஜாகீராகப் பெற்றவர். அக்குடும்பத்தாரின் கல்லறைகள் இன்றும் கோலாரில் உள்ளன. ஹைதரின் வாளையும் பீரங்கியையும் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தப் பீரங்கியை இழுத்த மாடுகளைப் பற்றிப் படித்தவர் சிலரே. அவை என்ன தின்றன, எங்கே மேய்ந்தன, யார் அவற்றை ஓட்டிச் சென்றார்கள் என்பவை எளிய கேள்விகள். ஆயினும் ஓர் அரசின் வலிமை அவற்றின் விடையில்தான் இருந்தது.

தொறுவும் நடுகல்லும்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, மேய்ச்சல் காட்டிற்கு முல்லை என்று பெயரிட்டு, அதனை ஆயர்க்கு உரியதாக்கினர். போரின் தொடக்கமாகவும் மாடுகளையே வைத்தனர். பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவர்ந்ததை மீட்டல் கரந்தை. இது வெறும் ஏட்டு இலக்கணம் அன்று. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. 'தொறு' எனப்படும் மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிர் விட்டவர்களுக்கு அவ்வூரார் நட்ட கற்கள் அவற்றுள் மிகுதி. கன்னட நாட்டு வீரக்கற்களிலும் 'துறு' என்ற அதே சொல் அதே பொருளில் வருகின்றது. மொழி இரண்டானாலும் சொல் ஒன்று; சொல் ஒன்றானதற்குக் காரணம் வாழ்வு ஒன்றாயிருந்தது.

மேய்ச்சல் நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு நம் முன்னோர் தந்த முதல் விடை வாளும் வேலும் என்பதை இக்கற்கள் காட்டுகின்றன. இரண்டாவது விடையை மைசூர் மன்னர்கள் தந்தனர்.

அமிருத மகால்

மைசூரை ஆண்ட உடையார்கள் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளிப்பதற்காகப் பசு மந்தைகளைப் பேணினர். சிக்கதேவராஜ உடையார் (1673–1704) காலத்தில் அந்த இலாகாவிற்குப் 'பெண்ணெ சாவடி' என்று பெயர். பெண்ணெ என்பது நம் வெண்ணெயே. மந்தைகள் மேய்வதற்காக நாட்டின் பல பகுதிகளில் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றிற்குக் 'காவல்' என்று பெயர். தமிழில் காவல் என்றால் காத்தல்; கன்னடத்தில் காக்கப்பட்ட புல்வெளிக்கே அது பெயராயிற்று.

ஹைதர் அலி மைசூர் ஆட்சியைக் கைக்கொண்டபின், பால் மாட்டு இலாகா படை இலாகாவாயிற்று. பாளையக்காரர்களை வென்று அவர்களுடைய நல்ல மாடுகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். அவற்றுள் சிறந்தவை ஹள்ளிகார் இனத்தவை. நீண்டு பின்னோக்கி வளைந்த கொம்பும், சாம்பல் நிறமும், ஒல்லியான உறுதிமிக்க காலும் உடையவை. வேகத்திலும் பொறுமையிலும் அவற்றிற்கு இணையில்லை என்பர். அவர் மகன் திப்பு சுல்தான் அந்த இலாகாவிற்கு 'அமிருத மகால்' என்று பெயரிட்டு, மந்தைகளைப் பேணும் விதிகளை எழுத்து மூலமான ஆணையாகவே வெளியிட்டார். பிற்காலத்தில் ஆங்கில அதிகாரிகளும் அவ்விதிகளையே பின்பற்றினர்.

காவல்களின் அமைப்பு நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. அவை மழைக்காலக் காவல், பனிக்காலக் காவல், கோடைக்காலக் காவல் என மூவகைப்பட்டன. மழை பெய்து வெளியெங்கும் புல் முளைக்கும்போது மந்தை ஒரு வகைக் காவலில் மேயும். பனிக்காலத்தில் அடுத்ததற்குச் செல்லும். தையிலிருந்து வைகாசி வரை, வெளியில் புல் காய்ந்தபின், ஏரிகளின் உள்வாயில் ஈரமும் நிழலும் உள்ள கோடைக் காவலுக்குப் போய்ச் சேரும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் மேய்ந்தால் புல்லின் வேரும் போய்விடும். நகர்ந்துகொண்டே இருந்தால் பின்னால் விட்ட இடத்தில் புல் தழைக்கும். வேளாண்மைக் கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்பே மேய்ப்பர்கள் இதை அறிந்திருந்தனர். நடமாட்டம் அவர்களுக்குச் சோம்பலும் அன்று, அலைச்சலும் அன்று. வறண்ட நிலத்தில் பயிர் செய்யும் முறைகளில் அதுவும் ஒன்று.

போரும் மாடும்

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். மறு ஆண்டு ஜூன் மாதம், ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் சிதம்பரத்தைத் தாக்கிப் பின்வாங்கினார். செய்தி கேட்ட ஹைதர், 100 மைல் தொலைவை இரண்டரை நாளில் கடந்து, பகைவருக்கு எதிரே வந்து நின்றார். பீரங்கிகளுடன் அவ்வளவு விரைவாக வரக்கூடும் என்று ஆங்கிலேயர் எதிர்பார்க்கவில்லை. அது காவல்களில் வளர்ந்த மாடுகளால் முடிந்த காரியம். தோற்ற களங்களிலிருந்துகூடப் பீரங்கிகளை மீட்டுக்கொண்டு போக அவற்றால் முடிந்தது.

இதை நாம் பெருமையாக மட்டும் பேசிவிட இயலாது. அந்தப் படையெடுப்பில் ஆற்காட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன. ஏரிகள் கெட்டன, குடிகளும் கால்நடைகளும் ஓட்டிச் செல்லப்பட்டன. பின்னர் நூறாண்டு கழித்து, 1880களில், பிழைப்புத் தேடித் தங்க வயலுக்கு ஏறிவந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் அதே வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். மேட்டிலிருந்து மாடுகள் இறங்கிய திசையிலிருந்து மனிதர்கள் மேட்டுக்கு ஏறினர். சரித்திரம் இப்படித்தான் கணக்கைச் சரிக்கட்டுகிறது போலும்.

விற்றபின் வந்த அறிவு

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மாடுகள் கும்பினியார் கைக்கு வந்தன. மைசூர் அரசின் பொறுப்பில் விட்ட சில ஆண்டுகளில் மந்தை நலிந்துவிட்டதால், 1813இல் ஹார்வி என்னும் கேப்டனின் கீழ் அதைத் தாமே நடத்தலாயினர். மந்தையும் பெருகியது. ஆனால் 1860இல், செலவைக் குறைக்க வேண்டும் என்று கூறி, இலாகாவையே கலைத்து மாடுகளை விற்றுவிட்டனர். எகிப்து நாட்டு அதிபருக்கும் ஒரு பகுதி போயிற்று.

பிறகு நடந்தது ஒவ்வொரு ஆபீசும் படித்துக்கொள்ள வேண்டிய பாடம். விற்ற பிறகுதான் அத்தகைய மாடு வேறெங்கும் கிடையாது என்பது தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, லூவின் பவுரிங் மைசூர் ஆணையராயிருந்த காலத்தில் (1862–1870), சிதறிய மாடுகளைத் தேடிப் பிடித்து இலாகாவை மீண்டும் அமைக்க நேர்ந்தது. அந்தப் பவுரிங்கின் பெயரால்தான் நம் சந்திப்பு நிலையம் நெடுங்காலம் பவுரிங்பேட்டை எனப்பட்டது. அங்கு வண்டி மாறும் நம்மில் எத்தனை பேர் அப்பெயருக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பை அறிவோம்?

மாட்டை மீட்க முடிந்தது. நிலத்தை அவ்வாறு மீட்க முடியவில்லை. முன்பு 4 லட்சம் ஏக்கருக்கு மேலிருந்த காவல்கள், சாகுபடிக்கும் காட்டு இலாகாவிற்கும் பிற காரியங்களுக்கும் பகிரப்பட்டுச் சுருங்கின. சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புராப் பண்ணையில் அமிருத மகால் இனம் பேணப்பட்டு வருகிறது. சித்ரதுர்க்கா மாவட்டம் சள்ளக்கெரே வட்டத்தில் எஞ்சியிருந்த பெரிய காவல்களில் ஏறத்தாழ 10,000 ஏக்கர், 2008ஆம் ஆண்டு முதல் ராணுவ ஆராய்ச்சி, அணுசக்தி, விண்வெளி முதலிய நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. சுற்றியிருந்த ஊரார் மேய்ச்சல் உரிமைக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். நாட்டுக்கு விஞ்ஞானம் வேண்டாம் என்பார் இலர். ஆயினும் அரசாங்கக் காகிதத்தில் 'தரிசு' என்று எழுதப்படும் நிலத்தில் பல ஊர்களின் ஆடு மாடுகள் வயிறு நிறைந்து வந்தன என்பதை மறத்தலாகாது.

எல்லை அறியாத இனங்கள்

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் மாடுகளை மொழிவாரியாகப் பிரிக்க எவராலும் ஆகவில்லை. ஹள்ளிகார் மைசூர் மாடு எனப்படினும், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உழவர் வீட்டிலும் அதுவே நிற்கிறது. தருமபுரி மாவட்டத்து ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் மாடு, காவிரியின் இரு கரைக் காடுகளிலும் மேய்ந்து வளர்ந்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையின் செம்மாடுகள் தமிழ்நாட்டு இனம். அவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பவர்களோ கன்னடம் பேசும் லிங்காயத்து மக்கள். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தைக்குக் கன்னட நாட்டார் வருவதும், மார்கழி தையில் தொட்டபள்ளாபுரத்தை அடுத்த காட்டி சுப்பிரமணியச் சந்தைக்குத் தமிழ்நாட்டாரும் ஆந்திர நாட்டாரும் போவதும் நெடுங்கால வழக்கம்.

ஆட்டு மந்தையின் வரலாறும் இத்தகையதே. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கோனார்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்குச் செல்கின்றனர். ஆட்டுக்குத் தாளும் புல்லும் கிடைக்கும். வயலுக்கு இரவெல்லாம் கிடை போட்ட எரு கிடைக்கும். கிடை வைத்தவருக்குக் கூலியும் உண்டு. இதில் தோற்பவர் எவருமில்லை. நம் கோலார்ப் பக்கத்திலும் குறும்பர் முதலிய மேய்ப்பர்கள் இவ்வாறே வயலில் கிடை போட்டு வந்தனர். இவ்வழக்கத்திற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் கிடையாது. வாய்ச் சொல்லே பத்திரம்.

இவ்வழக்கத்தை நெருக்கும் காரணங்கள் இன்று பல. நோய் ஒன்று. 2022இல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது கர்நாடகத்தில் மாட்டுச் சந்தைகள் நிறுத்தப்பட்டன. அது தேவையான செயலே. சட்டம் மற்றொன்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அம்மாதத்திலேயே தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என அதைச் சுருக்கியது. 2024இல் பர்கூர்ப் பக்கத்துக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது, மாட்டுப் பட்டி வைத்திருந்த மலைமக்கள் கலங்கியதில் வியப்பில்லை. மறுபுறம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்போரின் பருவகால உரிமையையும் ஒப்புக்கொள்கிறது. ஏட்டில் உள்ள உரிமை காட்டு வாயிலில் செல்லுபடியாவதே அரிது.

பிற நாட்டார் செய்தது

இது நமக்கு மட்டும் வந்த வழக்கு அன்று. ஐரோப்பாவின் வடகோடியில் சாமி என்னும் மக்கள் கலைமான் மேய்ப்பவர்கள். 1751இல் நார்வே, சுவீடன் நாடுகளுக்கு இடையே எல்லை வகுத்தபோது, உடன்படிக்கையோடு ஓர் இணைப்பும் எழுதினர். மேய்ப்பர் வழக்கம்போல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் எல்லையைக் கடக்கலாம். ஒரே நாட்டிற்கு வரி கட்டினால் போதும். இரு நாடுகளும் போரிட்டாலும் மேய்ப்பரைத் தொடக்கூடாது என்பவை அதன் கருத்து. பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் அப்பொழுது முப்பது வயதையொட்டிய போர்வீரர்!

ஸ்பெயின் நாட்டில் 1273இல் அரசன் பத்தாம் அல்போன்சோ மேய்ப்பர் சங்கத்திற்கு உரிமைப் பட்டயம் அளித்தான். அவர்தம் மந்தை வழிகள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பொதுச் சொத்தாகக் காக்கப்படுகின்றன. அவ்வழி தலைநகர் மாட்ரிட்டின் ஊடே செல்வதால், 1994 முதல் இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஆயிரக்கணக்கான ஆடுகள் நகரத் தெரு வழியே நடந்து செல்லும் விழா நடைபெறுகிறது.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1998இல் செய்த உடன்பாடு என் போன்ற சரக்குக் குமாஸ்தாவிற்கு மிகவும் பிடித்தது. எல்லை கடக்கும் மந்தைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மாடுகள் எத்தனை, தடுப்பூசி போட்டாயிற்றா, எவ்வழியே செல்லும், எந்த எல்லைச் சாவடியில் கடக்கும், எங்கே போய்ச் சேரும் என்பவை அதில் எழுதப்படும். நம் ரயில்வேயின் சரக்கு ரசீதும் ஏறக்குறைய இதுதான். அனுப்பும் இடமும் சேரும் இடமும் எழுதிய பொருளை வழியில் எவரும் திருட்டுப் பொருள் என்று சொல்லமாட்டார். அவ்வுடன்பாடு எங்கும் ஒழுங்காக நடந்ததென்று கூறுவதற்கில்லை. அங்கும் உழவர்க்கும் மேய்ப்பர்க்கும் சண்டைகள் உண்டு. எனினும் வழி காட்டியது. ஐக்கிய நாடுகள் சபை, மங்கோலியா முன்மொழிய, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்ததும் இக்கவலையினாலேயே.

நம் வீட்டுக் கணக்கு

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தருவதன்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. என் தகப்பனார் நிலத்தடியில் வேலை செய்தவர். வேலை போனபின், கையில் கிடைத்த பணத்தில் அன்னையார் இரண்டு கறவை மாடு வாங்கினார். எங்களுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. மாடுகள் காலனிப் புறம்போக்கிலும் வற்றிய ஏரி உள்வாயிலும் மேய்ந்தன. அந்தப் பாலை விற்ற காசில் என் தங்கை படித்தாள். பரீட்சை எழுதி நான் ரயில்வேயில் சேரும் வரை அடுப்பும் எரிந்தது. யாருடைய புல் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களையும் எவரும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம் ஒரு மாலை, வெளியூர் மேய்ப்பர் இருவர் ஏறத்தாழ முந்நூறு ஆடுகளுடன் அதே ஏரிக்குள் வந்து தங்கினர். தெலுங்கு பேசினர். ஒருவருக்கு என் தகப்பனார் வயதிருக்கும். 'எங்கிருந்தோ வந்தவர்கள் எங்கள் புல்லை அழிக்கிறார்கள்' என்று நம் காலனியில் இரைச்சல் எழுந்தது. கூடிப் போனவர்களில் நானும் ஒருவன். பெரியவர் கைகூப்பி, "ரெண்டே ராத்திரி, சாமி, மூணாம் நாள் ரெட்டியார் நிலத்திலே கிடை" என்று உடைந்த தமிழில் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. இருட்டியபின் மந்தையை எழுப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்று பிறந்த குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டிற்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அன்னையார் சோறு போட்டபடியே, "நம்ம தாத்தா வந்தப்போ இந்த ஊர்க்காரங்க அப்படிச் சொல்லியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை, சோறும் இறங்கவில்லை. பூதிகோட்டை வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

செய்யத்தக்கவை

பெரிய காரியங்களை அரசாங்கங்கள் செய்யட்டும். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மூன்றும் கூடும் மூலையில் நாம் வாழ்கிறோம். மூன்று கால்நடை இலாகாக்களும் கலந்து, தடுப்பூசி போட்ட மந்தைக்கு மூன்று மாநிலங்களிலும் செல்லும் ஒரு சீட்டு வழங்கலாம். பழைய மந்தை வழிகளை நில வரைபடத்தில் குறித்து, வேலி போடாமல் காக்கலாம். ஏரி உள்வாயில் எந்த மாதம் யார் மேய்க்கலாம் என்று எல்லையோரப் பஞ்சாயத்துகள் பேசி முடிவு செய்யலாம்.

சிறிய காரியங்களை நாமே செய்யலாம். வெளியூர் மந்தை வந்தால், முதலில் எவ்வூர், எத்தனை நாள், தடுப்பூசி போட்டதா என்று மரியாதையாகக் கேட்போம். நோய்க் குறி இருந்தால் நம் மாடுகளோடு கலவாதபடி தனியிடம் காட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவோம். இல்லையேல், மேயும் இடத்தையும் நாளையும் பேசிக்கொள்வோம். சுரங்கத்தைச் சார்ந்த நிலங்களில் என்ன தொழில் வரினும் வரவேற்போம். ஆயினும் பசு வைத்துப் பிழைக்கும் வீடுகளுக்கென மேய்ச்சல் நிலம் ஒதுக்கவேண்டும் என்று நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். நமக்குப் புல் கேட்கும்போது, வழிப்போக்கு மந்தைக்கும் இரண்டு இரவு கேட்பதே நியாயம்.

தொறுவைக் கவர்ந்தவர் காலமும் போயிற்று. காவலை ஆண்ட மன்னர் காலமும் போயிற்று. புல் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் முளைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு இப்பொழுது நம் கையில் உள்ளது. பிழைக்க வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் இது. அந்த மண்ணில் வாழும் நாம், வருகிறவர்க்கு வழிவிடுதலே முறை.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைத்த கன்னட நாடு!